சிறிய உல்லாசக் கப்பல்: டிக்கெட் விலை முழு விலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் சிறிய உல்லாசக் கப்பல்கள் பற்றி வந்த கட்டுரையை நானும் மனைவியும் இரண்டு தரம் வாசித்தோம். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். அப்பா அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்வது இப்போது வழக்கமாகி வருகிறது. ஆனால் கட்டுரையாளர் கப்பல்களை டிக்கெட் விலையை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறார். அந்த வரிசையை நம்பிக் காசு கட்டுபவர்கள் ஏமாந்து போவார்கள். நாங்கள் ஒரு தரம் ஏமாந்தவர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கிரேக்கத் தீவுகளுக்கு இரண்டு முறை போயிருக்கிறோம், இரண்டும் சிறிய கப்பல்கள். முதல் முறை எங்களுக்குக் கிடைத்த விலைகளில் மிகக் குறைந்ததைத் தெரிவுசெய்தோம். ஏழு இரவு. கடைசி இரவு கதவுக்குக் கீழே ஒரு உறை வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான அன்பளிப்பு, இணையம், சலவை, போத்தல் தண்ணீர், கரையில் சுற்றிப்பார்த்த பஸ் எல்லாம் அதில் இருந்தன. நான் கணக்காளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். அந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை, எல்லாமே ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்தவைதான். ஆனால் கூட்டிப் பார்த்தால் டிக்கெட் விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டியது. மகன் உழைத்த காசு என்று மனைவிக்கு அன்று நித்திரை வரவில்லை. இரண்டாவது முறை ‘விலை கூடியது’ என்று எல்லோரும் சொன்ன கப்பலில் போனோம். முடிவில் இரண்டு செலவுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

சீபோர்ன், சில்வர்சீ, சீட்ரீம் ஆகிய நிறுவனங்களின் கப்பல்களில் அன்பளிப்பும் பானங்களும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். ரீஜன்ட் கரைச் சுற்றுலாக்களையும் சேர்த்துக்கொள்கிறது. வைக்கிங்கின் கடற்கப்பல்களில் துறைமுகத்துக்கு ஒன்றாகக் கரைச் சுற்றுலாவும் இணையமும் கட்டணத்துக்குள் உண்டு. அவை 930 பேரோ அதற்குச் சற்றுக் கூடவோ போகும் கப்பல்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. பேரப்பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். ஸ்டார் கிளிப்பர்ஸ் பாய்மரக் கப்பல்களில் பானமும் அன்பளிப்பும் தனி. சரி, எல்லாம் அடங்கியதுதான் எப்போதும் லாபமா? எங்கள் வீட்டில் மதுவைத் தொடுவதில்லை. அப்படியான குடும்பம் மதுவுக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டுத் தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்? அதனால் எல்லாச் செலவையும் கூட்டி, இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு என்று அவரவர் வீட்டுப் பழக்கத்துக்கு ஏற்பக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வசதியைப் பற்றிச் சொல்லும்போது, கப்பல் சிறிதாக இருந்தால் விசாலமாக இருக்கும் என்ற மாதிரிக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது அப்படியில்லை. கப்பலுக்குச் சொல்லும் மொத்தத் தொன் எடையைக் குறிப்பதல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு அது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024இல் ஓடத் தொடங்கிய ராட்சதக் கப்பலான ஐகன் ஒஃப் த சீஸ் 248,663 தொன். அறைக்கு இருவர் என்று 5,610 பேர். ஆளுக்கு 44 வருகிறது. 112 பேர் மட்டும் போகும் சீட்ரீம் கப்பல் ஒன்று சுமார் 4,300 தொன்தான், ஆளுக்கு 38. ஆனால் சீபோர்ன் குவெஸ்ட் போன்ற கப்பலில் சுமார் 32,000 தொன்னுக்கு 450 பேர், அதாவது 70ஐத் தாண்டும். விசாலம் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அதற்காகச் சீட்ரீமைக் குறைசொல்ல மாட்டேன், அந்த 112 பேருக்கு 95 ஊழியர்கள்! அறைகளில் பல்கனி கிடையாது, கப்பலும் 1980களில் கட்டியது. கவனிப்புத்தான் முக்கியம் என்பவருக்கு அது பொருந்தும்.

இணையத்தில் இருக்கும் பழைய விமர்சனங்களை நம்பும்போதும் கவனம் வேண்டும். வின்ட்ஸ்டார் என்ற நிறுவனத்தின் மூன்று கப்பல்களை நடுவே வெட்டி, 25.6 மீற்றர் நீளமான புதிய பகுதியைப் பொருத்தி, 212 பேருக்கு இருந்த இடத்தை 312 பேருக்கானதாக மாற்றினார்கள். அதற்கு முன் எழுதிய விமர்சனம் வேறொரு கப்பலைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சேவை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கிண்ணம் சூப். மனைவி மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், முட்டையும் இல்லை. முதல் கப்பலில் மரக்கறி சூப் என்று தந்ததில் கோழி வேகவைத்த தண்ணீர் இருந்தது. கேட்டபிறகுதான் சொன்னார்கள். மீன் பரவாயில்லையா என்றும் கேட்டார்கள். பிறகு நான்கு நாள் பாணும் பழமும்தான். இரண்டாவது கப்பலில் முதல் நாள் மாலையே தலைமைச் சமையற்காரர் மேசைக்கு வந்து, எது கூடும் எது கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை சோறும் பருப்பும் வந்தன. புறப்படும் முன்பே உணவு விவரத்தை எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இன்னொன்று. கிரேக்கத்தில் ஏறி, துருக்கியைத் தொட்டு, மறுபடி கிரேக்கத்துக்கு வரும் கப்பல் என்றால் ஒரே தடவை நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) போதாது, துருக்கி அந்த வலயத்துக்கு வெளியே இருக்கிறது. எங்கள் பயண முகவர் இதைச் சொல்லவில்லை, மகன்தான் கண்டுபிடித்தான். கொழும்பிலிருந்து விமானச் செலவும் விசாச் செலவும் சேராத ‘மலிவு’க்கு அர்த்தமில்லை. பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசும், சிறிய கப்பல் நன்றாக ஆடும். அந்த மாதங்களில்தான் போவதென்றால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறையைக் கேளுங்கள்.

அடுத்த கட்டுரையில் தனியாகப் பயணிப்பவர்களுக்கான கட்டணத்தையும் தயவுசெய்து சேருங்கள். விளம்பரத்தில் வரும் விலை ஒரு அறையை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு என்பதுதான். தனி ஆளுக்குச் சில கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு டிக்கெட் விலை வரும், சிலவற்றில் கொஞ்சம்தான் கூடும். பம்பலப்பிட்டியில் இருக்கும் என் அக்கா, அத்தான் காலமான பிறகு எங்கும் போனதில்லை. அடுத்த வருடம் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக இந்த ஒரு விவரத்தைத்தான் இப்போது ஒவ்வொரு நிறுவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06