செங்காந்தளைப் பிடுங்கி எறியச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் தோட்டப் பக்கத்தில், "செங்காந்தள் நிழலில் வராது. கோடையில் காய்ந்துவிட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு செடி வையுங்கள்" என்று உங்கள் நிபுணர் அருளியிருக்கிறார். மாநில மலரைக் குப்பையில் போடச் சொல்லும் துணிவு எல்லோருக்கும் வந்துவிடாது.

மூலனூர்ப் பக்கம் நாங்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்போம், விதைக்காகவே பயிரிடுகிறோம். மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால், காலை நேரத்தில் குனிந்து பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிற வேலை இது. காய் முற்றியதும் கொடி காய்வது அதன் இயல்பு. கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் முளைக்கும். உறங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும், தோண்டும்போது நுனி ஒடிந்தால் முளையே போய்விடும் என்று எழுதியிருந்தால் நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேம்பும் வெள்வேலும் நிற்கும் தோப்பு இருக்கிறது. அதன் ஓரத்துக் கிளுவை வேலியில், இலை நுனியையே சுருட்டிப் பற்றிக்கொண்டு ஏறி, வெளிச்சம் எட்டிய இடத்தில் பூக்கிறது செங்காந்தள். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு சிவக்கும். ஐப்பசியில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், மோர் தருகிறேன். புளியமரத்தடி இருட்டில் பூக்காது என்று அவர் எழுதியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். காட்டோரப் புதர்களில் தானாக முளைப்பதை அவர் மாடித் தொட்டியில் மட்டும் பார்த்திருக்கிறார் போலும்.

இது முதல் தடவையா என்ன? முன்பு இதே பூவின் படத்தைத் தலைகீழாக அச்சிட்டீர்கள். 6 இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்பதுதான் அதன் அழகு. உங்கள் அலுவலகத்தில் யாரோ அதைச் சரிசெய்து லில்லியாக்கிவிட்டார்கள். அப்போதும் எழுதினேன். ஊட்டிச் செடிகளைத் தாராபுரத்து வெயிலில் வைக்கச் சொன்னபோதும் எழுதினேன். பதில் எதிர்பார்த்தது என் பேராசை.

அதையெல்லாம்கூட விடலாம். "மூட்டுவலிக்குக் கண்வலிக்கிழங்கை அரைத்துச் சாப்பிடலாம்" என்று ஒரு மருத்துவக் குறிப்பு வந்ததே, அதை எப்படி விடுவது? அந்தக் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு ஆளையே கொல்லும். ஆலையில் பிரித்து, மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு. வீட்டு அம்மியில் அரைப்பது வேறு. கிழங்கு தோண்டிய கையைக் கழுவாமல் எங்கள் வீட்டில் யாரையும் சோற்றுத் தட்டருகே விடமாட்டோம். தங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் இன்றுவரை ஒரு மறுப்பு வரவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள்: காய்ந்த கொடியை அகற்றிவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விடவும், குழந்தைகளும் ஆடுமாடுகளும் அண்டாத இடத்தில் வளர்க்கவும். சினிமாப் பக்கத்தின் அடியில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மூலனூர்.