வடிகட்டியில் நிற்காத பல்லேடியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'வினையூக்கி மூலக்கூறைத் திடப்பொருளின் மேல் பிணைத்துவிட்டால் போதும். வடிகட்டி எடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்' என்று சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மருந்து மூலப்பொருள் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

கார்பன் அணுக்களை இணைக்கும் ஹெக் வினையில் பல்லேடியம் என்ற உலோகம்தான் வினையூக்கி. அதைத் திடப்பொருளில் பிணைத்தாலும், வினையின்போது பிடியை விட்டுக் கரைசலில் இறங்குகிறது. வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. வினை முடிந்து ஆறும்போது மறுபடி பரப்பில் போய்ப் படிகிறது. ஆறியபின் வடிகட்டினால் எல்லாம் பத்திரமாக இருப்பதாகத்தான் தெரியும். சூடாக இருக்கும்போதே வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆசிரியர் குழுவுக்கு இது தெரியாதா?

எங்கள் ஆலைக்கும் ரெசின் என்னும் பிளாஸ்டிக் மணிகளில் பிணைத்த பல்லேடியம் வந்தது. முதல் பேட்ச் அருமையாக வந்தது. அடுத்தடுத்த பேட்ச்களில் வினை இழுத்துக்கொண்டே போனது. வடிநீரை வற்றவைத்தால், அதில் இறங்கியிருந்த பல்லேடியத்தால் கறுத்தது. வாய்வழி மருந்தால் ஒருவர் உடலுக்குள் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். சரக்கை நிறுத்திவைத்தார்கள். பழி, இரவு ஷிப்டில் வடிகட்டிய தொழிலாளர்கள் மேல் விழுந்தது. பிணைத்த உலோகம் வெளியே வராது என்று மேலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினார். அதில் விளைச்சல் விழுக்காடு இருந்தது. வடிநீரில் உலோகம் எவ்வளவு என்ற எண் இல்லை. ஒரு தொழிலாளிக்கு அந்த ஆண்டு ஊதிய உயர்வே கிடைக்கவில்லை.

வினையூக்கி வினையில் பங்கேற்காது என்று முன்பு மாணவர் கேள்வி பதிலில் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. பங்கேற்று, பிணைப்பை உண்டாக்கி, முறித்து, கடைசியில் பழைய நிலைக்கு மீள்வதுதான் அதன் தொழில். அப்படிப்பட்டதை ஓரிடத்தில் கட்டிவைப்பது எளிதா? செய்திக்குறிப்பு வந்தால் அப்படியே அச்சேற்றும் நீங்கள், ஆலையில் கை கறுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

முயற்சியையே நான் குறைசொல்லவில்லை. ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனம் 1969-லேயே உயிர்வினையூக்கியான நொதியை அயனிப் பரிமாற்றி என்னும் திடப்பொருளில் நிறுத்தி அமினோ அமிலம் தயாரித்தது. அங்கும் வீரியம் குறைந்தபோது புது நொதியை ஏற்றித்தான் ஓட்டினார்கள்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். இனி இத்தகைய செய்தி வந்தால், வடிநீரில் எவ்வளவு உலோகம் கலந்தது என்று ஆய்வாளரிடம் கேட்டு, அந்த எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உற்பத்தி வேதியியலாளர்,
கடலூர்