திருப்பி விடுவதற்கென்றே கூட்டி வந்த நாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டாக்காலி நாய்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். பிடித்துக் கொண்டுபோய்க் காப்பகத்தில் விடச் சொல்லித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். சரி, விட்டாயிற்று. பிறகு? அதை யாரும் எழுதவில்லை.

எங்களுக்குக் கிட்டவுள்ள காப்பகம் ஒன்றில் நான்கு வருடமாக ஒரு பெட்டை நாய் இருந்தது. நல்ல கறுப்பு, ஒரு காது கிழிந்தது. குட்டி கேட்டு வருபவர்களுக்குக் கடுவன் குட்டிதான் வேண்டும். பெரிய நாய் கேட்பவர்கள் காவலுக்குக் கேட்பார்கள். இது இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆளைக் கண்டால் கூட்டுக்குள் ஒரே வட்டமாகச் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு "இதுக்கு விசரோ?" என்று கேட்டுப் போனவர்களும் உண்டு.

சித்திரை விடுமுறைக்குப் பத்து நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். அங்கிருந்தவர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் சுகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப அடைத்தால் அது ஏங்கிச் செத்துப்போகும் என்றார்கள்.

அம்மாவும் அதையேதான் சொன்னார். அவருக்கு அதில் ஒரு கதை இருக்கிறது. 2008 கடைசியில் போருக்குப் பயந்து பரந்தனை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் நாய் வீமனின் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் அவர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார். முரசுமோட்டை வரைக்கும் அது பின்னால் ஓடி வந்தது. மீளக்குடியேறி, வீடு கட்டி, கிணறு இறைத்து, மாடுகூட வாங்கினோம். நாய் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். இந்த மண்ணில் இப்படியான கதை இல்லாத வீடு குறைவு என்று நினைக்கிறேன்.

ஒருவழியாகச் சம்மதம் வாங்கிக் கூட்டி வந்தோம். முதல் நாள் கறுப்பி சோற்றைத் தொடவில்லை, படலையடியிலேயே நின்றது. நான்கு வருடம் சீமெந்துத் தரையில் நின்ற கால் அல்லவா, முற்றத்து மணலில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தது. பொழுதுபடும் நேரம் மாமரத்தடியில் மணலைக் கிளறி ஒரு குழி செய்தது. அதற்குள் சுருண்டு படுத்தது, அடுத்த நாள் வெயில் ஏறும் வரைக்கும் எழும்பவில்லை. செத்துத்தான் போய்விட்டதோ என்று அம்மா கிட்டப்போய்க் குனிந்து வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார். காப்பகத்தில் ஒரு நாய் குரைத்தால் அறுபதும் குரைக்கும். அங்கே அது என்றைக்கு இப்படி நித்திரை கொண்டிருக்கும்?

இந்த நித்திரை விஷயத்தை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லிசா கன்டரும் கூட்டாளிகளும் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவிட்டு, அவற்றின் சிறுநீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கோர்ட்டிசோல் சுரப்பை அளந்தார்கள். 2019இல் அந்த முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்த நாட்களில் அந்த அளவு இறங்கியது. இடையில் குழம்பாமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்ததும் வீட்டில்தான். திரும்பிப் போனதும் அளவு ஏறியது உண்மை. ஆனால் பழைய அளவுக்குத்தான் ஏறியது, அதைத் தாண்டவில்லை. ஏங்கிச் செத்துப்போகும் என்பவர்களுக்கு இதைத்தான் காட்ட விரும்புகிறேன். அதே குழுவினர் 2023இல் 51 காப்பகங்களைப் பார்த்து, சில நாள் வீட்டில் தங்கிய நாய்கள் தத்துப்போகும் வாய்ப்பு 14 மடங்கு கூடியதாக எழுதினார்கள். நல்ல குணமான நாய்களைத்தான் ஆட்கள் கூட்டிப்போயிருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பாதியைக் கழித்தாலும் ஏழு மடங்கு. அங்கே நாய் கட்டிலில் படுக்கும், இங்கே முற்றத்தில் படுக்கும். அதற்கு இரண்டும் வீடுதான்.

பத்தாம் நாள் நான் மட்டும் ஓட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. காப்பகத்தில் ஒரு கொப்பி கொடுத்து, கண்டதை எழுதச் சொன்னார்கள். கோழியைத் துரத்தாது. தும்புத்தடியைக் கண்டால் ஒளியும். மயில் வந்தால் குரைக்கும், மனிதர் வந்தால் குரைக்காது. சின்னப் பிள்ளை காதைப் பிடித்தாலும் பேசாமல் இருக்கும். வட்டமாகச் சுற்றுவதை நாலாம் நாளோடு விட்டுவிட்டது. கூட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இதில் ஒன்றாவது தெரியுமா? கோழி வளர்க்கும் ஒருவர் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் கறுப்பியைக் கேட்டு வந்தார். இப்போது அவருடைய வளவில் நிற்கிறது.

எல்லா வீட்டுக்கும் இது சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே நாய் இருந்து அதற்கு ஊசி போடாவிட்டால் வேண்டாம். வருத்தம் இரண்டு பக்கமும் தொற்றும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கண்ணால் பார்த்த பிறகே கூட்டி வாருங்கள். உண்ணி பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்ட விடக்கூடாது. தப்பித்தவறிக் கடித்தால், கீறல்தானே என்று இருந்துவிடாமல் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலி ஓட்டையை முதலே அடைத்துவிடுங்கள். நான் இரண்டாம் நாள்தான் அடைத்தேன், அதற்குள் பக்கத்து வளவுக்கு ஒரு பயணம் போய் வந்துவிட்டது.

வன்னியில் வளவுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! ஆயுளுக்கும் நாய் வளர்க்க அவர்களால் முடியாது, பத்து நாள் முடியும். காப்பகம் நடத்துபவர்கள் அப்படியானவர்களின் பெயரை எழுதி வைத்தால் என்ன? கொப்பி ஒன்றும் பேனையும்தான் செலவு. நெடுநாள் கிடக்கும் நாய்களில் இருந்து தொடங்கட்டும். குட்டிகள் எப்படியும் போய்விடும்.

ஆவணி விடுமுறைக்கு இன்னொரு நாயைக் கேட்டிருக்கிறோம். கொண்டுபோய் விடும்போது இந்த முறை தானும் ஓட்டோவில் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பரந்தன்.