தம்பியைத் தூக்கியவர்களுக்கும் காத்தவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

தம்பி இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறான். இந்தச் செய்தி முதலில் போய்ச்சேர வேண்டியது விபத்து நடந்த இடத்தில் ஓடி வந்தவர்களுக்கு. கழுத்தை அசைய விடாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சுத் தடைபடாமல் பார்த்துக்கொண்டீர்கள். தலைக்காயத்தில் ஆக்சிஜன் குறைந்தாலோ ரத்த அழுத்தம் இறங்கினாலோ அது அடிமேல் அடி என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

டாக்டர் மேடத்துக்குச் சொல்ல வேண்டியது நிறைய. முதல் ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். மறுநாள் அவன் நினைவு மங்கியது. மூளை வீங்குகிறது என்றார்கள். அடிபட்டது ஒரு நொடி, இப்போது ஏன் மோசமாகிறான்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினீர்கள். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் இறுகப் பிணைந்திருக்கும். ரத்தத்திலிருந்து எது உள்ளே போகலாம் என்பதை அந்தத் தடுப்புதான் தீர்மானிக்கிறது. அடியின் வேகத்தில் அது சில இடங்களில் கிழிகிறது. அடுத்தடுத்த மணி நேரங்களில், காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையான அழற்சியில் வெளிப்படும் நொதிகள் மிச்சப் பிணைப்புகளையும் அரிக்கின்றன. ஆல்புமின் போன்ற புரதங்கள் உள்ளே கசிய, பின்னாலேயே நீரும் போகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது, அழுத்தம் ஏறுகிறது.

“ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் வடியுமே” என்று எங்கள் மாமா விடாமல் கேட்டார். (மாமாக்கள் அப்படித்தான்.) மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அது உதவும், தலைக்காயத்துக்கு உதவாது, தலைக்காயம் பட்ட 10,000 பேருக்கு மேல் பங்கேற்ற ‘கிராஷ்’ என்ற மருத்துவ ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடியது 2004-லேயே வெளியாகிவிட்டது என்றீர்கள். அப்புறம் மாமா வாய் திறக்கவில்லை.

இரவெல்லாம் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைத்து, டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்துக்கொண்டே இருந்த ஐசியூ சிஸ்டர்களுக்கு வெறும் நன்றி போதாது.

டாக்டர் மேடம், மூளை ரத்தக் குழாய்களின் இந்தக் கசிவு சிலருக்கு வருடக்கணக்கில்கூட நீடிக்கலாம், பிற்பாடு வலிப்பு வர அதுவும் ஒரு காரணமாகலாம் என்று டிஸ்சார்ஜின்போது எச்சரித்தீர்கள். மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருகிறோம். அவனுக்குப் பெயர்கள் இன்னும் மறக்கின்றன, சட்டென்று கோபமும் வருகிறது. பிசியோதெரபிஸ்ட் சாரை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் வந்தால் தூங்குவதுபோல் நடிக்கிறான்.

நன்றியுடன்,
அவன் அக்கா