துரைசாமிக்கு ஒரு பலகை

பெறுநர்:
மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள்,
பினாங்கு மாநில அரசு,
கொம்தார், ஜார்ஜ் டவுன்.

பொருள்: 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சிவகங்கைப் போராளிகளுக்குத் தகவல் பலகை வைக்கக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது இங்குள்ள தமிழர் பலருக்குத் தெரியும். அப்புறம் அவர்களுடைய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அவர்கள் வந்து சேர்ந்தது நம் ஊருக்கு.

1802 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனி 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு எனப்பட்ட பினாங்குக்கு அனுப்பியது. சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர். அவர் அப்போது இளம்பிள்ளை.

கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுகளில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். போர் மூளுவதற்கு முன்பு வெல்ஷுக்கு ஈட்டி எறியவும், வளரி என்னும் வளைந்த எறிதடியை வீசவும் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். பிறகு அதே வெல்ஷ் அவருக்கு எதிரான படையில் போனார் என்பது வேறு கதை. 1818இல் பினாங்கு வந்திருந்தபோது, தளர்ந்துபோன ஒரு மனிதர் அவர்முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரென்று பார்த்தால், துரைசாமி! முப்பதைச் சற்றே தாண்டிய வயதில் கிழவரைப் போல இருந்திருக்கிறார்.

அதே 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இந்தியக் கைதிகள் வேலை செய்ததை வழிகாட்டிகளாவது ஒரு வரி சொல்வதுண்டு. கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனால் பினாங்கில் கம்பெனிக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்குச் சிலை இருக்கிறது, ஸ்ரீ ரம்பாய் பீரங்கிக்குக் கதை இருக்கிறது. சிவகங்கைக்காரர்களைப் பற்றி ஒரு பேச்சும் காதில் விழுவதில்லை.

ஆகவே, கோட்டையின் கடலோரப் பக்கத்தில் மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் ஒரு பலகை வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன், மாநில அரும்பொருளகம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, அந்த 73 பேர் தொடர்பான பதிவுகளின் நகல்களைக் கேட்டு வாங்க வேண்டும். மன்னரும் துரைசாமியும் மட்டும் போதாது. கிடைக்கிற பெயர்கள் அத்தனையும் பலகையில் ஏற வேண்டும்.

பலகையின் தமிழ் வாசகத்தை அச்சுக்குப் போகுமுன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள். பொது இடத்துப் பலகைகளில் தமிழ் படும் பாடு தாங்கள் அறியாததல்ல. பிழை பார்க்க நாங்கள் காசு கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஜார்ஜ் டவுன் தமிழ்க் குடியிருப்பாளர்கள்