சிகிச்சை தேடும் மருத்துவ மாணவருக்கு இரகசியக் காப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடச்சுமை, தேர்வு அச்சம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மனச்சோர்வுக்கு ஆளான மாணவர் ஏன் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதே இன்று அவசரமாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

47 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்படுவதாகவும், 11.1 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணம் இருந்ததாகவும் மதிப்பிட்டது. மனச்சோர்வு அறிகுறிகள் தென்பட்டவர்களில் மனநலச் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதத்தினரே. மருத்துவமனைக்குள்ளேயே பகலையும் இரவையும் கழிக்கும் இளைஞர்களில், உதவி தேவைப்படுவோருள் ஆறில் ஒருவர்கூட அதைப் பெறவில்லை என்பது எனக்குப் பெரும் வேதனை அளிக்கிறது.

இவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவுக்குக் குறைவில்லை, தடுப்பது அச்சம். தான் பயிலும் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றால் அங்கே பயிற்சியில் இருப்பவர்கள் உடன் படிப்பவர்கள். மருந்து எழுதித் தரும் பேராசிரியரே சில மாதங்களில் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் எதிரே அமர்ந்து மதிப்பெண் இடக்கூடும். சில நாடுகளில், மருத்துவராகப் பதிவு பெறும் விண்ணப்பத்திலேயே முன்பு மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்கப்பட்டு வந்துள்ளது. இந்நிலையில் ஆண்டுக்கொரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்திக் கடமை முடிந்ததாகக் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

அமைப்பை மாற்றினால் பலன் கிடைக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2009 முதல் தொடக்க ஆண்டுகளில் தரவரிசை மதிப்பெண்களைக் கைவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவித்தது. பாட நேரத்தையும் குறைத்தது. அதன்பின் முதலாண்டு மாணவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. உலக மருத்துவச் சங்கமும் 2017இல் திருத்திய, மருத்துவர்கள் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழியில், மருத்துவர் தம் சொந்த உடல்நலனையும் நல்வாழ்வையும் பேண வேண்டும் என்பதைச் சேர்த்துள்ளது.

எனவே, மாணவருக்குச் சிகிச்சை அளிப்பவர் எவரும் அவருக்குத் தேர்வு நடத்தி மதிப்பெண் இடும் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பதைக் கல்லூரிகள் எழுத்துபூர்வ விதியாக்க வேண்டும். கல்லூரிக்கு வெளியே உள்ள ஆலோசகரை, வகுப்பு முடிந்த மாலை வேளைகளில், செலவின்றிச் சந்திக்க வழி வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டை யாரெல்லாம் பார்க்க முடியும், யாரால் பார்க்க முடியாது என்பதைச் சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு மாணவருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று கல்லூரி நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்வியில் அக்கறையுள்ள வாசகர்