இரண்டு ஆண்டுகள் போதாது

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் சிறுநீர்த் தொற்று பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கே ஏறும் கோளாறில், தினசரி ஆன்டிபயாடிக் மறுதொற்றைப் பாதியாகக் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் இதைக் காட்டிய, 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 607 குழந்தைகளை 2 ஆண்டுகள்தான் கவனித்தது. சிறுநீரகத்தில் தழும்பு விழுவது மருந்தால் குறையவில்லை. பெற்றோரின் பயமே அந்தத் தழும்புதான்; பின்னாளில் ரத்த அழுத்தம் கூடவும் சிறுநீரில் புரதம் கசியவும் அது காரணமாகலாம்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் இந்தக் கோளாறு. இரவுதோறும் மருந்தை அளந்து, தூக்கக் கலக்கத்திலேயே புகட்டுவேன். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவள் ரத்த அழுத்தத்தை யாரும் பார்க்கவில்லை. குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறைகள் இவர்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கி, 18 வயது வரை ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் சோதித்துக் குறித்து வர வேண்டும்.

– ஒரு தாய், மதுரை